கல் போட்ட தண்ணீர்: ஆறு வாரம் வைத்துப் பார்த்ததில்

என் மனைவிக்குத் தண்ணீர் குடிக்கப் பிடிக்காது. கல்யாணமாகி 34 வருடமாக அப்படித்தான். காலையில் ஒரு தேநீர், பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் தொண்டை வறண்டால் ஒரு மிடறு, அவ்வளவுதான். போன வருடம் முதுகுப் பக்கம் வலி வந்து துடித்துப் போனாள். ஸ்கேன் எடுத்ததில் இடது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல். மாத்திரையை விடத் தண்ணீரைத்தான் டாக்டர் அழுத்திச் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் உள்ளே போக வேண்டும். அன்றிலிருந்து குவளையும் கையுமாக நான் அவள் பின்னால் நடப்பதும், அவள் "வைங்க, குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுமாக இருந்தது.

தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து வந்த என் தங்கை ஒரு கண்ணாடி பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தாள். அடியில் ரோஜா நிறக் கல் நாலைந்து கிடந்தது. "அண்ணி, ராத்திரி பூரா கல்லு ஊறின தண்ணி இது. குடிச்சுப் பாருங்க, உடம்பே லேசாயிடும்" என்றாள். என் மனைவி வாங்கி, நின்ற இடத்திலேயே பாதி பாட்டிலைக் காலி செய்தாள். ஒரு வருடமாக என்னால் ஆகாத காரியம். ஊருக்குக் கிளம்பும்போது ஏழு கற்கள் போட்ட ஒரு வெல்வெட் பையையும் தங்கை அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் இந்தக் கல் தண்ணீரைத் தள்ளிவிடாமல், உட்கார்ந்து ஒழுங்காகச் சோதித்தேன். அந்தப் பை, அப்புறம் ஈப்போவில் வாங்கிய ஒரு பாட்டில், கடைசியில் நானே செய்த ஜாடி, இந்த மூன்றைப் பற்றியும் தெரிந்ததை எழுதுகிறேன்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 27 வருடம் லேப்பில் வேலை பார்த்தவன் நான். பாதி நாள் எண்ணெயைப் பார்ப்பேன், மீதி நாள் தண்ணீரைப் பார்ப்பேன். ஆற்றிலிருந்து இழுத்த தண்ணீரைத் தெளிய வைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, கடினத்தன்மையை எடுத்து, பாய்லருக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் கவனக்குறைவாக இருந்தாலும் அது பாய்லர் குழாயில் பொருக்காகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டோம். ஈப்போவுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் போல. என் சின்ன வயதில் ஊரைச் சுற்றிப் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை.

முதலில் அந்தப் பை. தங்கை அதை ஆன்லைனில் 39 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கியிருக்கிறாள். உள்ளே ஒரு சின்ன அட்டை: உடம்பின் ஏழு சக்கரங்களுக்கு ஏழு கற்கள், எட்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு வெயிலிலோ நிலா வெளிச்சத்திலோ வைத்துக் குடிக்கலாம் என்று அச்சடித்திருந்தது. ஏழும் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, வழவழப்பாக மெருகேற்றியவை. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. என் பேத்தி அரை மணி நேரம் அவற்றை நிறம் பிரித்து அடுக்கி விளையாடினாள்.

வெள்ளை நிறத்தில் பட்டு நூல் போல மினுங்கிய கல்லை எடுத்து நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்படிகம், ரோஜாக் கல் எல்லாம் சேர்ந்த குவார்ட்ஸ் இனக் கல் கண்ணாடியையே கீறும். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. நகம் கீறுகிற கல் 2. அட்டையில் பார்த்தால் செலினைட் என்று இருந்தது. செலினைட் என்பது ஜிப்சம்தான், கால்சியம் சல்பேட். சுவர் பூசும் பிளாஸ்டரும் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரையக்கூடிய பொருள் அது. அதைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லி ஒரு அட்டை!

பச்சையில் கரும்பச்சை வளையம் வளையமாக ஓடிய இன்னொரு கல் மலகைட். பையிலேயே கண்ணைப் பறிக்கிற கல் அதுதான், என் மனைவிக்கும் அதுதான் பிடித்திருந்தது. அந்தப் பச்சை செம்பிலிருந்து வருகிறது. கல்லின் எடையில் பாதிக்கு மேல் செம்பு. மற்றவை ரோஜாக் கல், செவ்வந்திக் கல் (ஊதா நிற அமெதிஸ்ட்), வெள்ளை ஸ்படிகம், சிட்ரின் என்று எழுதிய ஆரஞ்சுக் கல், டர்க்காய்ஸ் என்று எழுதிய நீலக் கல். ஆரஞ்சுக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை: சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பாலானவை செவ்வந்திக் கல்லைச் சூடாக்கி நிறம் மாற்றியவை. அதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே குவார்ட்ஸ்தான். ஆனால் சிட்ரினுக்கான விலையைக் கொடுக்கிறவர் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

ஏழு கண்ணாடிக் குவளைகளில் ஒரே கெட்டில் தண்ணீரை ஆறவைத்து, 300 மில்லிலிட்டர் அளந்து ஊற்றினேன். எட்டாவது குவளையில் கல் இல்லை. கற்களை முதலில் சோப்புப் போட்டுக் கழுவினேன். மெருகு போடும்போது பூசிய மெழுகு ஒட்டியிருக்கும் என்பதால். என்னிடம் 18 வெள்ளிக்கு வாங்கிய ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடினால் மின்சாரம் எளிதாக ஓடும், அதை எண்ணாக மாற்றிக் காட்டும் கருவி அது. இதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு வந்து பயமுறுத்தி வடிகட்டி விற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று அந்த எண் சொல்லாது. ஏதாவது புதிதாகக் கரைந்ததா என்பதை மட்டும் சொல்லும். எனக்கு அது போதும்.

ராத்திரி ஏழு மணிக்கு வைத்து, காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். ஆரம்பத்தில் எல்லாக் குவளையும் 46. காலையில் கல்லில்லாத குவளை 46. ரோஜாக் கல் 46, ஸ்படிகம் 46, செவ்வந்தி 46, ஆரஞ்சு 47. நீலக் கல் 61. அதை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் துடைத்தால் டிஷ்யூவில் நீலம் ஒட்டியது. அது டர்க்காய்ஸ் இல்லை, சாயம் ஏற்றிய வேறு ஏதோ வெள்ளைக் கல். செலினைட் குவளை 518. எடுத்துப் பார்த்தால் கல்லின் மினுமினுப்பு போய் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கியிருந்தது.

ஜிப்சம் விஷம் என்று நான் சொல்லவில்லை. தவ்வு (டோஃபு) செய்கிறவர்கள் சோயாப்பாலை உறையவைக்கச் சேர்ப்பது அதே பொருள்தான். ஆனால் அது உணவுக்கென்று சுத்தம் செய்த மாவு. இது எந்தக் குவாரியிலிருந்து வந்தது, எந்த எண்ணெயில் மெருகானது என்று யாருக்கும் தெரியாத கல். சிறுநீரகத்தில் கல் உள்ள ஒருத்தி, டாக்டரைக் கேட்காமல், தினம் இரண்டரை லிட்டர் சுண்ணாம்புச் சத்துத் தண்ணீர் குடிக்க வேண்டுமா? என் வீட்டில் வேண்டாம்.

மலகைட் குவளை 49 காட்டியது. சரி, அதிகமில்லையே என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் எங்கள் வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியும். வெறும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் என் மனைவி அதில் ரெண்டு லிமாவ் கஸ்தூரியை, நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையை, பிழிந்துவிடுவாள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இது நடக்கும். அதனால் மறுநாள் ஒரு குவளையில் இரண்டு காயைப் பிழிந்து, வடிகட்டி, அதற்குள் மலகைட்டைப் போட்டு, யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி பின்கட்டில் மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டின. காலையில் தண்ணீர் இளம் நீலப்பச்சையாக நின்றது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கண்ணுக்கு நிறம் தெரிகிற அளவுக்குச் செம்பு இறங்கிவிட்ட பிறகு அந்த வரம்பைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் அதில் வரலாம்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியைக் கரைத்து வைக்க மாட்டாள். களிம்பு ஏறும் என்பாள். அந்தக் களிம்புதான் இந்த நீலப்பச்சை. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடித்த ஜனங்கள்தான் நாம். அதிலே புளிப்பு சேரக் கூடாது என்ற அறிவும் கூடவே வந்தது. இந்தப் பையின் அட்டையில் அந்த ஒரு வரி இல்லை.

அன்றைக்கே கிள்ளானுக்குப் போன் போட்டேன். "பாப்பா, உன் பாட்டில்ல என்னென்ன கல்லு போடுறே?" என்றேன். வாரத்துக்கு ஒரு நிறம் மாற்றி மாற்றிப் போடுவாளாம். பச்சையும் உண்டா என்றால் உண்டு. "அண்ணே, நான் ஆறு மாசமா குடிக்கிறேனே" என்றாள், குரல் இறங்கிவிட்டது. எலுமிச்சை பிழிவாயா என்று கேட்டேன். இல்லை, வெறும் தண்ணீர்தான் என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. வயிற்றில் ஏதாவது கோளாறு இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் இதைச் சொல் என்று சொன்னேன். பச்சை, வெள்ளை, நீலம் மூன்றையும் எடுத்து அலமாரியில் வைத்து போட்டோ அனுப்பினாள்.

இந்த மாதிரிப் பை உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அந்த மூன்றையும் வெளியே எடுங்கள். தங்கம் போல மினுங்கும் பைரைட் இருந்தால் அதையும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல் அது, ஈரத்தில் கெட்டுப்போகும். சிவப்புச் சின்னபார் பாதரசக் கல், ஈய நிறத்தில் கனக்கும் கலீனா ஈயக் கல்; இவை இரண்டையும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுவரக் கூடாது. பெயர் தெரியாத கல் எதுவானாலும் தண்ணீருக்கு வேண்டாம். எந்தக் கல்லைத் தண்ணீரில் போடலாம் என்று கேட்டால், குவார்ட்ஸ் குடும்பம் மட்டும்: ஸ்படிகம், ரோஜாக் கல், செவ்வந்திக் கல். அதிலும் கண்ணாடியைக் கல் என்று விற்கிறார்கள். கையில் எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். ஸ்படிகம் கண்ணாடியை விட வேகமாகச் சூட்டை இழுப்பதால் சில்லென்று இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழ் தெரியும். ஸ்படிக மாலை வாங்கிப் பழகிய நம் பெரியவர்களுக்கு இந்தச் சில்லிப்பு நன்றாகத் தெரியும்.

சரி, குவார்ட்ஸ் போட்டால் தண்ணீருக்கு என்ன கிடைக்கிறது? இதற்குப் பதில் எனக்கு ஆலையிலேயே தெரியும், இருந்தாலும் நான் நினைத்துப் பார்த்தது என் அம்மாவின் படிகாரத்தைத்தான்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்தபோது மழை பெய்தால் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். அம்மா ஒரு மைலோ டின்னில் படிகாரக் கட்டி வைத்திருப்பாள். அதைக் கையில் பிடித்து வாளித் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுவாள். அப்பா சவரம் செய்த பிறகு முகத்தில் தேய்ப்பதும் அதே கட்டிதான். காலையில் எழுந்து பார்த்தால் சேறெல்லாம் அடியில் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீரை மொண்டு கொதிக்க வைப்பாள். பிறகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் நாளே அதே பொருளை மூட்டை மூட்டையாகப் பார்த்தேன். படிகாரம் கரைந்தால் அதிலுள்ள அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து வழவழப்பான துகள்களாகத் திரண்டு, மிதக்கும் சேற்றை அள்ளிக்கொண்டு கீழே இறங்கும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்வதும் இதே வேலைதான்.

படிகாரமும் படிகம்தான், பார்க்கக் கண்ணாடிக் கல் மாதிரியே இருக்கும். ஆனால் அது கரைகிறது, அதனால் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் கட்டி தேய்ந்து சிறுத்துக்கொண்டே வரும். ரோஜாக் கல் ஆறு வாரமாகியும் என் சமையலறைத் தராசில் அதே 21 கிராம். கரையாத கல்லிலிருந்து தண்ணீருக்கு எதுவும் வருவதில்லை. கரைகிற கல்லிலிருந்து வருவது அந்தக் கல்லே. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருப்பதாகச் சொல்லித்தான் அட்டையில் எழுதுகிறார்கள், தண்ணீர் கல்லின் சக்தியை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று. 27 வருடம் தண்ணீரை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒன்றை நான் எந்த அளவிலும் பார்த்ததில்லை. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. மலைப் பாறைகளைத் தழுவி வரும் ஆற்றுத் தண்ணீரில் சிலிக்கா ஏற்கெனவே இருக்கிறது. பாய்லர் குழாயில் கண்ணாடி மாதிரிப் படிந்து எங்களைப் படாத பாடு படுத்தியது அதுதான்.

நாக்கையும் சோதித்தேன். என் மனைவி, பேத்தி, நான் மூவரும் பத்து ராத்திரி. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் ரோஜாக் கல் ஊறிய தண்ணீர், மற்றதில் அதே கெட்டிலிலிருந்து எடுத்து அதே நேரம் மூடி வைத்த தண்ணீர். எது எது என்று பக்கத்து வீட்டுத் தம்பி மட்டும் குறித்து வைத்திருந்தான். பத்தில் மனைவி சரியாகச் சொன்னது 5, நான் 4, பேத்தி 6. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இதுதான் வரும். முடிவைச் சொன்னபோது மனைவி முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். "தெரியாட்டிப் போகுது. ஜாடியை மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள்.

பினாங்கிலிருக்கும் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டபர் பிரெஞ்ச் 2001இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தது. 80 பேரைக் கல்லைக் கையில் பிடித்துத் தியானம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு நிஜப் படிகம், சிலருக்குப் போலி. சூடு, கூச்சம், மன அமைதி என்று இரு பக்கமும் ஒரே மாதிரித்தான் சொன்னார்களாம். இன்னின்ன உணர்ச்சி வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு அது கூடுதலாக வந்திருக்கிறது. என் தங்கை "உடம்பு லேசாயிடும்" என்று சொல்லிக் கொடுத்ததை என் மனைவி அன்றைக்கு எப்படிக் குடித்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் அந்த ஆய்வு எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவள் குடித்தது நிஜம், அது எனக்குப் பெரிசு.

இங்கே ஒரு விஷயம். இதைப் படிக்கும் சிலர் சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினம் அபிஷேகம் நடக்கிறதே என்று கேட்கலாம். என் அம்மாவோடு போய் நானும் கும்பிட்டிருக்கிறேன். தீர்த்தம் என்பது பக்தியோடு கையேந்தி ஒரு மிடறு வாங்கிக்கொள்வது. கடையில் விற்கும் பையோடு அதைச் சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, ஈப்போவில் ஒரு பேரங்காடிக் கடையில் வாங்கிய பாட்டில். 75 வெள்ளி. கல் தண்ணீரில் படாதபடி அடியில் தனி அறை, திருகிக் கழற்றலாம். "அங்கிள், கல்லை மாத்திக்கலாம், தண்ணியும் சேஃப்" என்று கடைப் பெண் பொறுமையாகக் கழற்றிப் பூட்டிக் காட்டினாள். இந்த அமைப்பு சரியான அமைப்பு, அதை நான் பாராட்டுகிறேன். கண்ணாடியும் நல்ல கனமான கண்ணாடி. ஆனால் அந்தக் கனமே இடைஞ்சல். தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. மனைவி கோயிலுக்கு ஒருமுறை எடுத்துப் போனாள், மறுமுறை எடுக்கவில்லை. அடியிலிருக்கும் சிலிக்கான் வளையத்தில் மூன்றாவது வாரம் கரும்புள்ளி விழுந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கும் இடமெல்லாம் பூஞ்சைதான். வளையத்தைக் கழற்றி வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும், அதுவும் வாரம் இருமுறை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கீழ் அறைக்குள் ஆவி படிந்து கல்லே தெரிவதில்லை. மூடி ஒழுகவில்லை, அது நல்லது. அதே கடையில் உயரமான கல்லைப் பசை போட்டு உள்ளேயே ஒட்டிய பாட்டிலும் 60 வெள்ளிக்கு இருந்தது. அதை வாங்காதீர்கள். பசையும் தண்ணீரில் ஊறும், ஒட்டின இடுக்கைத் தேய்க்கவும் முடியாது.

கடைசியில் நானே ஒரு ஜாடி செய்தேன், இப்போது வீட்டில் ஓடுவது அதுதான். ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடி 22 வெள்ளி. ஈப்போவில் லேப் சாமான் விற்கும் கடையில் அகலமான சோதனைக் குழாய் ஒன்று, சிலிக்கான் அடைப்போடு 6 வெள்ளி. குழாய்க்குள் ரோஜாக் கல் துண்டுகளைப் போட்டு, அடைத்து, குழாயை ஜாடிக்குள் நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் நாலு கல் மட்டும் போட்டதில் உள்ளே காற்று இருந்ததால் குழாய் மேலே மிதந்து, ஊற்றும்போது வாயை அடைத்தது. பாதிக்கு மேல் கல் நிரப்பினால்தான் கனம் சேர்ந்து மூழ்கி நிற்கிறது. ஸ்படிகத் துண்டுகளையும் கலந்து நிரப்பினேன். கொதித்து ஆறிய தண்ணீர்தான் ஊற்றுகிறோம். தினம் ராத்திரி ஜாடியைக் கழுவிப் புதுத் தண்ணீர் மாற்றுகிறோம். குழாய்க்குள் தண்ணீர் போகாது, கல்லைத் தொடும் வேலையே இல்லை.

வெயிலில் வைக்க வேண்டாம். ரோஜாக் கல்லும் செவ்வந்திக் கல்லும் நாள்பட்ட வெயிலில் நிறம் வெளுக்கும். பௌர்ணமி நிலாவில் வைக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். வைக்கட்டும், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, ஆனால் மூடியோடு. திறந்த தண்ணீர் ஒரு ராத்திரி வெளியே நின்றால் எறும்பும் தூசியும் விழும். ஏடிஸ் கொசுவுக்கும் நாமே இடம் கொடுத்த மாதிரி ஆகும். டெங்கியில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பையன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஜாடிக்கு முந்தின வாரம் மனைவி குடித்தது தினம் 700, 800 மில்லிலிட்டர். இப்போது ஒரு ஜாடி மத்தியானத்துக்குள் முடிகிறது. ராத்திரிக்குள் இரண்டாவதில் பாதி. சில நாள் டாக்டர் சொன்ன இரண்டரையை எட்டவில்லை, ஆனாலும் இரண்டுக்குக் கீழே போனதில்லை. அழகான ஒன்று கண் எதிரில் நிற்கிறது, வெளிச்சம் பட்டால் ரோஜா நிறம் தண்ணீர் முழுக்கப் பரவுகிறது, போகும்போதும் வரும்போதும் கை தானாக அங்கே போகிறது. மருந்து என்று சொல்லி நான் நீட்டிய குவளைக்கு அந்த ஈர்ப்பு இல்லை. 28 வெள்ளியும், பையில் இருந்த நல்ல கற்களோடு இன்னும் 15 வெள்ளிக்குக் கல் துண்டும், இதற்குத் தாராளமாகத் தகும். 75 வெள்ளி பாட்டிலை, வாரம் இருமுறை கழற்றிக் கழுவப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் சொல்வேன். 39 வெள்ளிப் பையை இப்போதிருக்கிற அட்டையோடு யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

பை விற்றவர்களுக்கு நீலப்பச்சைக் குவளையின் படத்தோடு எழுதினேன். இயற்கையான கல், பயப்பட வேண்டாம் என்று முதலில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், எலுமிச்சை பிழிகிறவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள் என்று. அட்டையை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வரை பழைய அட்டைதான் படத்தில் இருக்கிறது. மாறும்வரை எழுதுவேன்.

சோதனைக் குழாய் இன்னும் இரண்டு வாங்கி, துணியில் சுற்றி, தங்கைக்குத் தபாலில் அனுப்பினேன். சனிக்கிழமை அவளும் அண்ணியும் போனில் ஜாடியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே மனைவி எழுந்து போய்த் தன் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.